சங்கரம்மாளின் கை

விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் சங்கரம்மாள் நிற்கிற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அந்தக் கிண்ணத்தை ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. போயிருந்தால் இந்த வாரம் எழுதுகிற எனக்கும், படிக்கிற உங்களுக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். கடற்கரை என்று ஒருவர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது புளியறையில் ஒரு மரக்கிடங்கில் இரவுக் காவல். அவர் மனைவிதான் சங்கரம்மாள். தென்காசியில் வீடு. இரட்டைப் பிள்ளைகள். முதலில் வந்தவள் வேல்விழி, பின்னாலேயே வந்தவன் மணிகண்டபிரபு. அவன் போலீஸ்காரன். சாரல் சீசன் வந்துவிட்டால் ஐந்தருவியில் குளிக்க வருகிற கூட்டத்தை வரிசையில் நிறுத்துகிற வேலை.

வேல்விழி லாக்ராஸ் ஆடுகிறவள். நுனியில் சின்னதாக வலை கட்டிய கம்பில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, எதிராளி கோலுக்குள் வீசி அடிக்கிற விளையாட்டு. தெருவில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. வலைக்கம்பு என்று வைத்துவிட்டார்கள். "வலைக்கம்ப எடுத்துட்டு எந்தக் குளத்துக்குட்டி போற?" என்று கேலி செய்த அதே வாய்கள்தான், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஒரே தொடரில் நாற்பத்தேழு கோல் போட்டு அவள் சாதனை படைத்தபோது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டின. வலைக்கம்போடு அவள் சிரிக்கிற அந்தப் படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

சாதனைக்குப் பலனாக இந்திய அணிக்கான முகாமுக்கு அழைப்பு வந்தது. அதற்குப் பின்னால் முழங்கால் போனது. பயிற்சியில் திரும்பும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். எலும்பு டாக்டர் ராபியா பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற நார் பாதி அறுந்திருக்கிறது, பெல்ட் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தால் ஒட்டுவதற்கு வாய்ப்பு உண்டு, யாரையும் தொட விடக்கூடாது என்று சொல்லியிருந்தார். எல்லோரும் சொன்னபடிதான் கேட்டார்கள். முகாமின் தேதியை முன்னால் கொண்டுவந்துவிட்டோம், அடுத்த திங்கட்கிழமையே வந்து சேர வேண்டும் என்று தகவல் வருகிற வரைக்கும்.

இதற்கு மேல் ஒன்றே ஒன்றுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் வழித்துவிட்டால் சுளுக்குப் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சங்கரம்மாள் இரட்டை பெற்றவள். பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே முதல் ஆள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து நிற்கவே இல்லை. லாரிக்காரர்கள், நாற்று நடப்போகிற பெண்கள், அருவியில் வழுக்கி விழுந்த வெளியூர்க்காரர்கள் என்று எல்லோருக்கும் அவள் கைதான். ஒரு பைசா வாங்கமாட்டாள். ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அது.

ஊருக்கெல்லாம் வழித்துவிட்ட கை, சொந்த மகளின் காலைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருக்கும்?

விடியவில்லை. கடற்கரை புளியறையிலிருந்து வந்து சேரவில்லை. மணிகண்டபிரபு டியூட்டிக்குப் போய்விட்டான். வெளியே சாரல்.

"டாக்டரு தொடக்கூடாதுன்னாவல்லாம்மா?" என்றாள் வேல்விழி.

"அவிய படிச்சத அவிய சொல்லுதாவ. பாதி அறுந்துருக்குன்னா என்ன? நரம்பு பிசகி நிக்கி. நீ ஏழாங்கிளாசு படிக்கும்போது கணுக்கால் யானைக்கால் மாதிரி வீங்கிக் கெடந்துதே, யாரு எடுத்தா?"

"நீதான்."

"அடுத்த நாள் ஓடுனியா இல்லியா?"

ஓடினாள். அது உண்மை. வேல்விழி எம்.எஸ்ஸி படிக்கிறவள், ஸ்கேன் படத்தைக் கண்ணால் பார்த்தவள். இருந்தாலும் திங்கட்கிழமை என்கிற சொல் அவள் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. டாக்டர் சொன்ன கணக்குப்படி அவளால் திங்கட்கிழமை நடக்கத்தான் முடியும். முகாமில் ஓடச் சொல்வார்கள்.

பெல்ட்டை அவளே அவிழ்த்தாள்.

சங்கரம்மாள் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு கிண்ணத்தை ஜன்னல் ஓரமாக வைத்தாள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். முதலில் ஆடுதசையிலிருந்து மேலே வழித்தாள். சுகமாகத்தான் இருந்தது. வேல்விழி கண்ணை மூடிக்கொண்டாள். சின்ன வயதில் தூங்கவைக்கிற கை அது.

பிறகு சங்கரம்மாள் முழங்காலை மடக்கி, கணுக்காலை ஒரு கையால் பிடித்து, மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு திருப்புத் திருப்பி வெடுக்கென்று இழுத்தாள்.

டொக்.

சுளுக்கு எடுக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம்தான் கூலி. சொடக்கு விழுந்துவிட்டால் பிசகினது இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். சங்கரம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது.

"விழுந்துட்டு பாத்தியா. இனி ஒண்ணுமில்ல. நீ ஓடுத, போயி ஜெயிச்சிட்டு வார."

வேல்விழிக்கும் அந்தச் சத்தம் தெரியும். மைதானத்தில் ஒரு முறை கேட்டிருக்கிறாள். இன்றைக்கு அது மிச்சம் இருந்ததையும் கொண்டுபோன சத்தம். வலி தொடையிலிருந்து தலைவரைக்கும் ஏறியது. தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்கா?"

"கொஞ்சம்."

"வலிக்கத்தான் செய்யும். இப்ப எந்திச்சு நட."

எழுந்தாள். ஒரு எட்டு வைத்தாள். மேல் கால் ஒரு பக்கமும் கீழ்க் கால் ஒரு பக்கமுமாகப் போனது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சங்கரம்மாளின் சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து போனதை அவள் பார்த்தாள். அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு.

எட்டு மணிக்குக் கடற்கரை வீட்டுக்குள் நுழையும்போது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"என்னாச்சு?"

"தெரியலப்பா. தானா வீங்கிட்டு."

அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஆட்டோ பிடித்தார். சங்கரம்மாளும் கூட ஏறிக்கொண்டாள்.

டாக்டர் ராபியாவின் ஆஸ்பத்திரியில் கூட்டம். கடையநல்லூர்க்காரர், கையும் வேகம், பேச்சும் வேகம். புது ஸ்கேன் எடுத்து வந்த பிறகு வேல்விழியைப் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். மேசை டிராயர் மாதிரி கால் முன்னால் வந்தது. மறுபடி இழுத்துப் பார்க்கவில்லை. காலை மெதுவாக வைத்துவிட்டு, துணியால் மூடினார்.

"முழுசா போயிட்டு," என்றார்.

கடற்கரைக்குப் புரியவில்லை. "போயிட்டுன்னா டாக்டர்?"

"பாதி அறுந்திருந்தது இப்ப முழுசா அறுந்துட்டு அண்ணாச்சி. பக்கத்துல இருக்கற ஜவ்வும் கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணணும். பண்ணுனா நடக்கலாம், படி ஏறலாம், வண்டி ஓட்டலாம்."

"விளையாட்டு?"

டாக்டர் வேல்விழியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "ஒரு வருஷம் கழிச்சுப் பேசுவோம்மா. பழைய மாதிரி திரும்பி வெட்டி ஓட முடியுமான்னு கேட்டா, எனக்கு நம்பிக்கை இல்ல. பொய் சொல்ல மாட்டேன்."

ஒரு வருஷம் கழித்து அவள் எந்தக் கல்லூரியிலும் மாணவி இல்லை. அணியை இந்த முகாமில்தான் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் நடக்கப்போகிற ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டைச் சேர்த்துவிட்டார்கள் என்று கடற்கரை மரக்கிடங்கில் லாரி டிரைவர்களைக்கூட விடாமல் பிடித்துவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அதெல்லாம் அந்தச் சின்ன அறையில், மின்விசிறிக்கு அடியில், முடிந்து போனது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. சும்மா இருந்தா இது இப்படி ஆவாது. யாரும் தடவி இழுத்து விட்டாங்களா?"

சங்கரம்மாள் வாயைத் திறந்தாள். அவள் சொல்லத்தான் போனாள், நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

"ஐந்தருவியில வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்," என்றாள் வேல்விழி.

கடற்கரை திரும்பினார். "எப்போ?"

"விடியக்காலம். நீங்க வாரதுக்கு முன்னாடி."

"இந்தக் காலோட எப்படிப் போன?"

"சுஜிதா ஸ்கூட்டியில. போயிட்டு உடனே வந்துட்டோம்."

சுஜிதா இலஞ்சிப் பெண். வேல்விழிக்கு இரண்டு வருஷம் ஜூனியர். கம்பை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே வேல்விழிதான். வாயில் வந்த முதல் பெயரைச் சொல்லிவிட்டாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்கள் செய்கிற தப்பு, பொய்க்குள் இன்னொரு ஆளை இழுத்துவிடுவது.

கடற்கரை எழுந்தார். வெளியே ஆட்டோவைத் தேடிப் போகும்போது அவர் நடையே கோபத்தைச் சொல்லிவிட்டது.

அவர் அந்தப் பக்கம் போனதும் சங்கரம்மாள் மகளின் கையைப் பிடித்தாள். "ஏட்டி, ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ல?"

"நான் அப்பாட்ட சொல்லிருதேன்."

"சொல்லாதம்மா." வேல்விழி தாழ்வாரத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் காலு போயிட்டு. அது இனி வராது. உன் கையும் எதுக்குப் போவணும்?"

சங்கரம்மாள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். மகள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கத்தி அழுதிருந்தால் கூடச் சேர்ந்து அழுதிருப்பாள். இதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. ஃப்ளெக்ஸில் வேல்விழி சிரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டு வாசலைத் தாண்டியதும் கடற்கரை ஆரம்பித்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. ராணுவத்தில் இருந்தவர் என்பதால் மீசையை முறுக்குவார் என்று நினைத்துவிடாதீர்கள். மெதுவாகத்தான் பேசுவார், அதனால்தான் தப்பிக்க முடியாது.

"பத்து வருசமா உங்கம்மா உனக்கு முட்டையும் பாலும் தனியா எடுத்து வச்சா. உன் தம்பி சம்பளம் வாங்குன மொத மாசம் உனக்கு ஷூ வாங்கிக் குடுத்தான். நான் உறக்கத்த வித்துட்டு ராத்திரி வேல பாக்கேன். உனக்கு ஒரு வாரம் தண்ணியில நிக்காம இருக்க முடியல."

வேல்விழி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அருவி எங்கயும் போயிருமா? ஜெயிச்சுட்டு வந்து குளிச்சா ஆவாதா?"

"தப்புதான்ப்பா."

"தப்புன்னு எவ்வளவு லேசா சொல்லுதா பாரு," என்று மனைவியிடம் சொன்னார்.

சங்கரம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லும் தனக்கு வர வேண்டியது. மகள் குறுக்கே நின்று வாங்கிக்கொண்டிருக்கிறாள். சங்கரம்மாள் எதற்காகவும் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மத்தியானம் போன் வந்தது. உடற்கல்வித் துறை ஜெயசித்ரா மேடம். வலைக்கம்புகளை ஒரு கோணிப்பையில் கட்டிக் கல்லூரிக்கு முதல் முதலாகக் கொண்டுவந்தவர். வேறு யாரும் தொடாதபோது ஒரு கம்பை எடுத்துப் பார்த்த வேல்விழியை அன்றே பிடித்துக்கொண்டவர்.

"சொல்லு வேல்விழி. டிக்கெட் போட்டுரவா?"

"மேடம், கால் முழுசா போயிட்டு. ஆபரேஷன் பண்ணணுமாம்."

மேடம் அழுதுவிடுவார் என்று நினைத்தாள். அழவில்லை. வேலை பார்க்கிறவர்களுக்கு அழவும் நேரம் வேண்டும்.

"நம்ம யுனிவர்சிட்டி இடத்தை விட்டுட்டா வேற ஸ்டேட்டுக்குப் போயிரும்மா. இன்னைக்கே பேர் குடுக்கணும். நீ தப்பா நினைக்கலைன்னா... சுஜிதாவை அனுப்பட்டா?"

கேள்வி நியாயமானது. அதனால்தான் அப்படி வலித்தது.

"சுஜிதாவையே அனுப்புங்க மேடம். அவ நல்லா ஆடுவா. இடது கையில பாஸ் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறுவா. சொல்லிக்குடுங்க," என்றாள் வேல்விழி. போனை வைத்துவிட்டு, கதவு மூலையில் சாய்த்து வைத்திருந்த கம்பைப் பார்த்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றியது. எழுந்து போய் எடுக்க முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எடுத்துத் தா என்று அம்மாவைக் கூப்பிடவும் மனசில்லை.

கடற்கரை இந்தப் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. நாலு மணி இருக்கும். குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் சங்கரம்மாள்.

"இலஞ்சிக்கு."

"இலஞ்சியில யாரு?"

"அந்தப் பிள்ள வீட்டுக்கு. கால் சரியில்லாதவள விடியக்காலம் வண்டியில வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கா. பாசி புடிச்ச பாறையில நிக்க வச்சிருக்கா. மத்தியானம் அவளுக்கே டிக்கெட்டு போடுதாவ. எனக்கு ஒண்ணும் புரியாதுன்னு நெனச்சாளா? அவ அப்பன்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்."

வேல்விழி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா, அவ ஒண்ணும் பண்ணல. நான்தான் கூப்பிட்டேன்."

"நீ பேசாத. உனக்கு எல்லாரும் நல்லவங்கதான்."

"அப்பா, சத்தியமா அவ இல்ல."

"அப்புறம் யாரு?"

வேல்விழி அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா பேராச்சி வர வேண்டும்? எதிர்வீட்டுக்காரி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சங்கரம்மக்கா, தண்ணிக்குடம் தூக்கும்போது புடிச்சிட்டுக்கா. இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கு. ஒரு வழி வழிச்சி விடுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போ பேராச்சி," என்றாள் சங்கரம்மாள்.

பேராச்சி சிரித்துவிட்டாள். "சுளுக்குக்கு எவ ஆஸ்பத்திரிக்குப் போவா? நீங்க இருக்கும்போது?"

"நான் இனி எடுக்கல."

செருப்பை மாட்டப் போன கடற்கரை நின்றார். "என்ன சொல்லுத நீ? வீட்டுல ஒரு கஷ்டம்னா வாசல்ல வந்தவள வெறுங்கையோட அனுப்புவியா? எடுத்து விடு."

"எடுத்து விடும்மா," என்றாள் வேல்விழி.

சங்கரம்மாள் மகளைப் பார்த்தாள். வேல்விழியின் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நீ மாட்டேன் என்றால் அப்பா ஏன் என்று கேட்பார் என்று அந்தக் கண் சொன்னது. சங்கரம்மாள் ஜன்னல் ஓரத்துக்குப் போனாள். காலையில் வைத்த கிண்ணம் அங்கேயே இருந்தது. மிச்ச எண்ணெயும் இருந்தது. பேராச்சி முற்றத்துப் பலகையில் உட்கார்ந்து கூந்தலை முன்னால் தள்ளிக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். சங்கரம்மாள் எண்ணெயைத் தொட்டு வைத்தாள். அழுத்தவே முடியவில்லை. தடவிக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் பைக் வந்து நின்றது. மணிகண்டபிரபு. காக்கிச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான்.

"அப்பா, அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியளாமே, டாக்டர் என்ன சொன்னாவ? போன் பண்ணுனேன், எடுக்கல."

"முடிஞ்சிட்டு," என்றார் கடற்கரை. "நார் முழுசா அறுந்துட்டு. ஆபரேஷன். இனி விளையாட்டு கெடையாது."

மணிகண்டபிரபு அக்காவைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவர்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் முகமும் அதே மாதிரி ஆனது.

"எப்படி முழுசா? நல்லாத்தான இருந்தா?"

"உனக்குத் தெரியாதா? உன் டியூட்டி எடத்துலதான் விழுந்திருக்கா. விடியக்காலம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருக்கா, அந்த இலஞ்சிப் பிள்ளகூட. நீ அங்கனதான நின்ன? கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?"

மணிகண்டபிரபு புரியாமல் நின்றான்.

"ஐந்தருவியிலயா?"

"அங்கனதான்."

"இன்னைக்கு ஐந்தருவியில யாரும் குளிக்கலப்பா. ராத்திரியே மலையில மழை. தண்ணி பாதுகாப்பு வளைவத் தாண்டி விழுது. விடியக்காலத்துல இருந்து தடை. நான்தான் கயிறு கட்டி மறிச்சிட்டு நிக்கேன். ஒத்த ஆள உள்ள விடல."

ஓட்டில் சாரல் விழுகிற சத்தம் கேட்டது.

கடற்கரை கையில் இருந்த செருப்பைக் கீழே போட்டார். "அப்ப நீ எங்கனட்டி விழுந்த?"

வேல்விழி வாயைத் திறந்தாள். இன்னொரு பொய் வரவில்லை. இருந்த ஒன்றையும் காலையிலேயே செலவழித்துவிட்டாள்.

கடற்கரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் மூக்கு லேசாக அசைந்தது. முற்றத்துப் பக்கம் திரும்பினார். பேராச்சியின் கழுத்து எண்ணெயில் மின்னிக்கொண்டிருந்தது. சங்கரம்மாளின் விரல்கள் அதன் மேல் அசையாமல் நின்றுவிட்டிருந்தன.

"காலையில நான் உள்ள நுழையும்போதும் இதே விளக்கெண்ணெ வாசந்தான் அடிச்சிச்சு," என்றார், ரொம்ப மெதுவாக.

சங்கரம்மாள் நிமிரவில்லை. கையை எடுத்தாள்.

கழுத்தைக் குனிந்து கண்ணை மூடியிருந்த பேராச்சி, பின்னால் நடப்பது எதுவும் தெரியாமல், "ஏங்க்கா கைய எடுத்துட்டீங்க? சொடக்கு இன்னும் விழலியே," என்றாள்.